வளையத்தைப் படிக்க ஒரு மெமரி கார்டு

காலை 5.20. வெள்ளானூரில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் டில்லிபாபுவின் ஆட்டோ வந்து நின்றது. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய், அங்கேயே காத்திருந்து, மாலை திரும்ப 1,300 ரூபாய் பேசியிருந்தோம். சென்ற ஞாயிறும் அவர்தான் என்னை அழைத்துப் போனார். "இன்னா சார், உன் பட்சி இன்னும் கீதா, கிளம்பிடுச்சா?" என்றார்.

அந்தப் பறவை விரால் அடிப்பான். மீன் தவிர அநேகமாக வேறெதையும் உண்ணாத வேட்டைப் பறவை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும், மார்ச்சில் திரும்பிவிடும். சென்ற வாரம் பைனாகுலரில் அதன் இடது காலில் ஒரு வளையம் தெரிந்தது. எங்கோ பறவை ஆய்வாளர்கள் யாரோ அதைப் பிடித்து, எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அந்த எண் கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்டறியலாம். மார்ச்சின் இரண்டாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. இன்று இல்லையென்றால் அநேகமாக இல்லை.

6.15. ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி வழியாக 23 கிலோமீட்டர். கரையில் ஏறினோம். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர். மறுபக்கம் கிடங்குகளின் தகரக் கூரைகள், மனைப்பிரிவுகளின் மஞ்சள் கற்கள்.

7.10. பறவை வந்தது. காற்றில் ஒரே இடத்தில் நின்று, கால்களை முன்னே நீட்டிக் கல்லைப் போல விழுந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நொடிக்கு ஆறு படம். பதினாறில் கேமரா நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பறவை மீனோடு எழுந்ததையும், கால்கள் தொங்கியதையும், வளையம் மின்னியதையும் வெறுமனே பார்த்தேன்.

"இன்னா சார், எடுக்கலியா?"

ஒவ்வொரு படமும் 25 எம்.பி. கேமரா எடுக்கும் வேகத்துக்கு கார்டு எழுதி முடிக்கவில்லை என்று விளக்கினேன்.

"இது துன்னுட்டு குந்திகினு இருக்கும். மத்தியானத்துக்கு மேல மறுபடி பசிக்கும். குமணன்சாவடில கல்யாண போட்டோக்காரங்க கார்டு வாங்குற கடை கீது. வா சார், போலாம்."

9.40. குமணன்சாவடி. மாடிப்படி ஏறினால் பத்தடிக்கு எட்டடியில் ஒரு கடை. உரிமையாளர் பாஸ்கர் கேட்ட முதல் கேள்வி, "கேமரா எத்துனு வந்தியா சார்?" கேமரா இல்லாமல் வருபவருக்கு அவர் கார்டு விற்பதில்லை. என் கார்டை உருவிப் பார்த்தார். பழைய கைப்பேசியில் இருந்த சின்ன கார்டு. பெரிய கார்டின் அளவில் இருக்கும் அடாப்டரில் செருகி வைத்திருந்தேன்.

"சின்னப் பையனுக்கு அப்பன் சட்டைய மாட்டி வேலைக்கு அனுப்பிகீறியே சார்!" என்றார். டில்லிபாபு என்னைவிட உரக்கச் சிரித்தார்.

"மேல ஃபேனைப் பாத்து அமுக்கு. உடாத. நான் எண்றேன்." கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டபடி கேமராவின் சத்தத்தை எண்ணினார். "பதினாறு." திரையிலும் பதினாறுதான். நொடிக்கு ஆறு முறை வரும் சத்தத்தை ஒன்றுகூடத் தவறாமல் எண்ணும் காது அது.

128 ஜி.பி. கார்டு ஒன்றின் முகத்தில் 170 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கை நீட்டினேன்.

"அது படிக்கிற வேகம் சார். கம்ப்யூட்டர்ல ஏத்துற நேரத்துல ஒதவும். தாலி கட்ற நேரத்துல படம் புடிக்க எழுதுற வேகம்தான் ஓணும். அத்த பொடி எழுத்துல போடுவான், இல்லன்னா போடவே மாட்டான்."

மறுபடி மின்விசிறி. இருபதில் நின்றது. அடுத்தது 64 ஜி.பி.; மூலையில் V என்ற எழுத்தும் 30 என்ற எண்ணும், நொடிக்கு 30 எம்.பி.க்குக் குறையாமல் எழுதும் என்பதற்கு அடையாளம். எழுதும் வேகம் நொடிக்கு 90 எம்.பி. என்று உறையின் பின்புறம் இருந்தது. முப்பத்தேழு வரை ஓடியது; அதன்பிறகும் நிற்கவில்லை, நடை மட்டும் தளர்ந்தது. விலை 1,450. கண்ணாடிப் பெட்டியில் 6,800 ரூபாய்க்கு இருந்ததையும் கேட்டேன். அவர் எடுக்கவேயில்லை.

"அதுக்கு முதுகுல தகடு ரெண்டு வரிசை, பல்லு கணக்கா. உன் கேமராவுல ஒரு வரிசைக்குத்தான் எடம். மீதிப் பல்லு சும்மா இளிச்சிகினு கெடக்கும்."

மாலை 3.40. 64 ஜி.பி. கார்டை வாங்கிக்கொண்டு ஏரிக்குத் திரும்பி, மூன்றே முக்கால் மணி நேரம் கரையில் காத்திருந்த பின், பறவை தென்கிழக்கிலிருந்து வந்தது. நின்றது. விழுந்தது. தண்ணீர் மூடிக்கொண்டது, இறக்கை நுனிகள் மட்டும் வெளியே. ஒரு நொடி, இரண்டு நொடி. கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது. இறக்கைகள் தண்ணீரை அடித்தன. தன் எடையோடு மீனின் எடையையும் ஏரியிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு அது எழுந்தது. பறந்தபடியே உடம்பை உதறியது. மீனைத் திருப்பி, தலை காற்றைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். எந்தப் படத்திலும் வளையம் முழுதாக இல்லை. ஆனால் பறவை உதறியபோது காலும் திரும்பியிருந்தது. இருபத்தொன்பதாம் படத்தில் ஓர் எழுத்து, முப்பதாவதில் ஓர் எண், முப்பத்தொன்றில் இன்னோர் எண். மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதினேன்.

டில்லிபாபு எட்டிப் பார்த்தார். "வண்டி நம்பர் கணக்கா கீது. எந்த ஊரு ரெஜிஸ்ட்ரேசன் சார்?"

தெரியாது, ஆய்வாளர்களுக்கு இன்றே எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

பறவை கிடங்குச் சாலையின் விளக்குக் கம்பத்தில் அமர்ந்து மீனைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். கீழே நின்ற தன் ஆட்டோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஊரா இருந்தா இன்னா சார். அம்மாந்தூரம் காலி வண்டியாவே வந்துகீது பாரு."