காலியாக விட்ட கார்னர்

என் வேனின் கடைசி சீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு கறுப்பு நீகேப் தொங்குகிறது. கபடி ஆடுபவர்கள் முட்டியில் மாட்டுவது. எலாஸ்டிக் தளர்ந்துபோய், நடுவில் பல் தடம். சிதம்பரத்தில் கல்லூரி கபடிப் பசங்களை மேட்சுக்கு ஏற்றிப்போவது என் பிழைப்பு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். பயத்தை மட்டும் விடவில்லை. டயரைத் தட்டிப் பார்ப்பேன், கதவை இழுத்துப் பார்ப்பேன், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பேன். "கார்னர் ஏறியாச்சு மாமா, நீ ஏறு மொதல்ல" என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

அவன் இடது கார்னர், ஓரத்தில் நின்று பிடிப்பவன். காடாம்புலியூர்ப் பையன், முந்திரிப்பால் கறை போகாத விரல்கள். ரைடு வருபவன் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். கடலூர் மேட்சில் அப்படித்தான் பாய்ந்தான். எதிர் டீம் ரைடர் உதறியதில் முட்டி இவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான். திரும்பும் வழியில் என் வண்டியிலேயே வாந்தியெடுத்து மயங்கினான். ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவன் கழற்றி மாட்டிய நீகேப் கம்பியிலேயே இருந்தது.

அதற்கப்புறம் அந்தப் பசங்க ஆடியது கபடி இல்லை. பிராக்டிஸில் ஒருத்தனை ஒருத்தன் தூக்கித் தரையில் அடித்தார்கள். ஒருத்தனுக்குத் தோள் எலும்பு போனது, இன்னொருத்தனுக்கு முன்பல். யாரும் சாரி சொல்லவில்லை. இடது ஓரத்தில் வேறு ஆளை நிறுத்த கேப்டன் விடவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு ஆறு பேராகவே ஆடினார்கள், தோற்றார்கள்.

அதே கடலூர் டீம் சிதம்பரத்துக்கு ஆட வந்த காலையில் கேப்டன் என்னிடம் வந்தான். "மாமா, வண்டிய ஸ்டார்ட்டிங்லயே வெச்சிரு. அந்த ரைடர் கால ஒடிச்சிட்டுக் கெளம்பிடுவோம்."

"அவன் வேணும்னு பண்ணலடா."

"தெரியும் மாமா."

தெரிந்தேதான் சொல்கிறான். பி.டி. சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சும்மா பேசுவானுங்க, போய்யா" என்றார்.

மேட்சில் அதே ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, கபடி பாடிக்கொண்டே வந்தான். இடது ஓரம் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் போயிருந்தால் தப்பித்திருக்கலாம். அவன் வலது பக்கம் திரும்பினான். ஆறு பேரும் மேலே விழுந்தார்கள். புழுதிக்குள் கேப்டன் அந்த முட்டியை மட்டும் கட்டிப்பிடித்துத் திருகினான். விசில் ஊதிக்கொண்டே இருந்தது. பச்சைக் கரும்பை முறிக்கிற சத்தம் கோட்டோரம் நின்ற எனக்குக் கேட்டது.

அவர்கள் தப்பித்துப் போகக் கேட்ட வண்டியில் அவனைத்தான் ஏற்றினோம். தூக்கி வந்தவர்களோடு கேப்டனும் ஏறிவிட்டான். கடைசி சீட்டில் படுக்கவைத்தோம். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அலறினான். கேப்டன் கம்பியிலிருந்து நீகேப்பை உருவி அவன் வாயில் வைத்தான். "கடிச்சிக்க."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "கார்னர் காலியாத்தான இருந்திச்சு. ஏன்டா அந்தப் பக்கம் வரல?"

ரைடர் வாயிலிருந்ததை எடுத்தான். "அது அவுரு எடம் மச்சான். அங்க எப்பிடிக் கால் வெப்பேன்?"

கேப்டன் தலையை ஜன்னல் கம்பியில் மோதினான். மறுபடி மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கில் வழிந்தது. நிறுத்தவா என்றேன். "ஓட்டு மாமா" என்று ரெண்டு பேருமே சொன்னார்கள்.

அவர்கள் ரெண்டு பேரும் அப்புறம் கோட்டைத் தொடவில்லை. இப்போது புதுப் பசங்க. இடது ஓரத்தில் ஒருத்தன் நிற்கிறான், நன்றாகவே பிடிக்கிறான். "இது எலி கடிச்சதா மாமா? தூக்கிப் போடு" என்கிறான்.  ஸ்பீட் பிரேக்கர் வந்தால் நிறுத்தி, வண்டியை மெல்ல ஏற்றி இறக்குகிறேன். "மாமா, நீ போறதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிடும்" என்று பின்னாலிருந்து கத்துகிறார்கள். கத்தட்டும்.