கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துக் கடை

எங்கள் தொழிலில் வேலை முடிந்து கிளம்பும்போது "போயிட்டு வர்றோம்" என்று சொல்லக் கூடாது. அந்த வீட்டுக்காரர்களும் எங்களை "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி, பந்தல், நாற்காலி, அமரர் ஊர்தி, சுடுகாட்டு ஏற்பாடு எல்லாவற்றையும் ஒரே போனில் முடித்துக் கொடுக்கும் குடும்பம் நாங்கள். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவார். கொழுந்தன் பெட்டியைப் பார்த்துக்கொள்வான். போனில் பேசுவது நான்.

தஞ்சாவூரில் எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபம். இரண்டுமே கலியபெருமாள் அண்ணனுடைய கட்டடம். அவர் வீடு மண்டபத்துக்குப் பின்னால். எங்கள் கடையிலிருந்து அவர் வீட்டுக் கொல்லைக்கு ஒரு கதவு உண்டு. நாங்கள் கடை போட்ட அன்றே அதற்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். போன ஆடியில் வந்து, "தை பொறக்கறதுக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க" என்றார். மண்டபம் பார்க்க வரும் பெண் வீட்டார் கண்ணில் முதலில் எங்கள் கண்ணாடிப் பெட்டிதான் படுகிறதாம். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கடை போனால் எங்கள் பிழைப்பும் போகும். வாடகைக் கட்டடத்தில் கடை நடத்துகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முன்பதிவு

கரந்தை பக்கம் ஒரு கடை காலி என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். என்ன தொழில் என்று அந்த ஓனர் கேட்கிறார், "சர்வீஸ்தாங்க" என்று நான் மழுப்புகிறேன், அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர். "பொட்டி இருக்காம்மா?" என்றார். யாருக்கு என்று கேட்டேன். அப்பாவுக்கு என்றார். எப்போது தவறினார் என்று கேட்டதற்கு, "இன்னும் இல்ல. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்காரு" என்றார்.

உயிரோடு இருப்பவருக்குப் பெட்டி எடுத்து வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். எதிரே நின்ற கடை ஓனர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாவிக்கொத்தை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். போனில் இருந்தவரோ விடுவதாக இல்லை.

"முகூர்த்த நாளுக்கு மண்டபம் புக் பண்றதில்லையா? கடைசி நேரத்துல வேற யாராவது எடுத்துட்டுப் போயிட்டா, எங்கப்பா என்னம்மா பண்ணுவாரு?"

தோளில் ஒரு கை

கண்ணீர் அஞ்சலி பேனரும் நாங்களே அடித்துக் கொடுப்போம். திருவாரூரில் ஒரு அம்மா தவறிவிட்டார். அவர் சிரித்தபடி இருக்கும் போட்டோ ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் ஏதோ கல்யாணத்தில் நாத்தனாரோடு சேர்ந்து எடுத்தது. நாத்தனாரை வெட்டிவிட்டு அடிக்கச் சொன்னேன். பேனர்காரன் ஆளை வெட்டினான், கையை விட்டுவிட்டான். தெருமுனையில் பத்தடி உயரத்துக்கு அந்த அம்மா நிற்கிறார், தோளில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் கிடக்கிறது.

அந்த நாத்தனாரோடு அந்த வீட்டுக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். வேறு பேனர் அடித்துத் தருகிறேன் என்றேன். பெரிய மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"இருக்கட்டும்க்கா. சாவுக்குத்தான் வரல, கையாவது வந்துச்சே."

நடவு

புரட்டாசியில் மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு விவசாயி இறந்துபோனார். மகள் சிங்கப்பூரிலிருந்து மறுநாள்தான் வந்து சேர முடியும். அதுவரை பெட்டியில் வைக்க ஏற்பாடு. தெருவில் உடம்பு இருக்கும்வரை அந்த ஊரில் யாரும் வயலில் இறங்க மாட்டார்கள். ஆனால் முறை வைத்துத் திறந்துவிடும் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது. நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. நடவுக்கு வெளியூர்ப் பெண்கள் லோடு வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள். அழுவதா நடுவதா என்று யாருக்கும் புரியவில்லை.

கடைசியில் இறந்தவரின் தம்பி எழுந்து துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"அண்ணன் எந்திரிச்சு வந்தா என்ன சொல்லும்? நான் குளுகுளுன்னுதானடா படுத்திருக்கேன், போய் நட்டுட்டு வாங்கடான்னுதான் சொல்லும்."

தாழ்ப்பாள்

கார்த்திகை பிறந்தும் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த மாதத்துக் கடைசி முகூர்த்தத்தன்று விடிகாலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் தாழ்ப்பாளை யாரோ முட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. துருப்பிடித்துப் போயிருந்ததால் லேசில் வரவில்லை. கதவு திறந்ததும் பார்த்தால் கலியபெருமாள் அண்ணன், பட்டு வேட்டியோடு நிற்கிறார்.

"அம்மா போயிட்டாங்க தங்கச்சி" என்றார். ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்த அம்மாதான். ஆனால் பக்கத்து மண்டபத்தில் யாரோ வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் சற்று நேரத்தில் தாலி கட்ட வேண்டும். வாசலில் எங்கள் வண்டி நின்றால் போதும், அபசகுனம் என்று அந்தப் பெண்ணின் கல்யாணமே நின்றுபோகும். பெட்டியைத் தெருப்பக்கம் கொண்டுபோகவே இல்லை. கடையின் பின்கதவு வழியாக என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூக்கிப் போனார்கள். நாங்கள் வேறு இடத்துக்குப் போயிருந்தால் இது இப்படி வெளியே தெரியாமல் முடிந்திருக்காது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

தீட்டோடு மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அவர் அங்கே போகவில்லை. அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுகைச் சத்தம் மண்டபத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளம் கொட்டிய அந்த நேரம் மட்டும் அண்ணன் வாய்விட்டு அழுதார். மேளம் நின்றதும் நிறுத்திக்கொண்டார். எத்தனையோ வீட்டு அழுகையைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தவள் நான். அன்றைக்கு எனக்கும் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றார். "எடம் பாத்தாச்சா?" என்றார். "பேசிக்கிட்டிருக்கோம்ண்ணே" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"பேச வேணாம். பொட்டிய மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க."

இன்றைக்கும் எங்களைப் பார்த்து அவர் "வாங்க" என்று சொல்வதில்லை, ஆனால் அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டிருக்கிறார், எங்கள் தொழிலில் இதற்கு மேல் வரவேற்பை எதிர்பார்த்தால் அது பேராசை.