மலாயாவிலிருந்து வந்த சித்தப்பா

1937ஆம் ஆண்டு மே மாதம் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, பகல் பதினொன்று ஐம்பது. எங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன். அக்கினி நட்சத்திரம். காற்று என்பதே இல்லை. பூந்தமல்லியில் எங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தலின் கீழ், முதல் பந்திக்குப் பதினாறு இலை விரித்திருந்தது. என் அக்காவுக்கு நிச்சயம். எனக்கு ஒன்பது வயது.

அப்பா சபையில் உபதேசியார். அதற்கு முந்தைய இரண்டு வருடம் அவர் மலாயாவில் இருந்தார். ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் கூலிகளுக்கு வேதம் சொல்லச் சபை அவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தது. போகும்போது ஒரு கறுப்புக் கோட்டும், எழுதி வைத்த பதினோரு பிரசங்கங்களும் கொண்டுபோனார். இரண்டும் அங்கே உதவவில்லை. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்குக் காலை ஆராதனை ஆகாது என்று சாயங்காலத்துக்கு மாற்றினார். சம்பளம் வாங்கிய மறுநாள் யாரும் நிதானத்தில் இருப்பதில்லை. அது ஞாயிறாக அமைந்தால் ஆராதனையைச் செவ்வாய்க்கிழமை வைத்துக்கொண்டார். மாரியம்மன் கோயிலில் மேளம் அடிக்கிறவரையே கீர்த்தனைக்கும் அடிக்கச் சொன்னார். கூலிகள் குடியிருந்த லயங்களில் யார் கையால் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிட்டார். ‘ஊழியக்காரன் வளைந்து கொடுக்கவேண்டும்’ என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். அம்மா வாசித்துவிட்டு மடித்து வைப்பாள்.

மலேரியாவோடு திரும்பி வந்தார். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இன்னொருவரும் வந்து இறங்கினார். காய்ச்சலில் கிடந்த அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி துவைத்துப் போட்டு, கடைசியில் ஆளைத் தனியே அனுப்ப மனமில்லாமல், பதினெட்டு வருடத் தோட்ட வேலையையும் விட்டுவிட்டுக் கூடவே கப்பலேறியவர்.

“இவன் உங்க சித்தப்பாடா,” என்றார் அப்பா. நான் இரண்டு பேரின் மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. இருந்தாலும் நம்பினேன்.

அவருக்குச் சொந்த ஊர் குத்தம்பாக்கம். எங்கள் வீட்டிலிருந்து ஆறு மைல். அந்த ஆறு மைலுக்குள் சந்தித்துக்கொள்ள வழியில்லாத இருவர், ஆயிரத்தைந்நூறு மைல் கடலைத் தாண்டிப் போய்ச் சந்தித்திருக்கிறார்கள். ஊரில் அவருக்கென்று யாரும் மிஞ்சியிருக்கவில்லை. எங்கள் சபைக் கோயிலில் மணி அடிக்கும் வேலை வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். “இனிமே இதாண்டா உன் ஊடு,” என்றும் சொன்னார். அவரும் நம்பினார்.

நிச்சயத்தன்று அப்பா அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து தம் பக்கத்து இலையில் உட்காரவைத்தார். எதிரே மாப்பிள்ளையின் தகப்பனார். ஆவடிச் சபையில் மூப்பர், கனத்த குரல்.

“இவரு யாரு?”

“எங்க சித்தப்பா,” என்று நான் முந்திக்கொண்டேன்.

“உங்கப்பனுக்குத் தம்பியே கெடையாதேடா! ஏம்ப்பா, உனக்கு எந்த ஊரு?”

“குத்தம்பாக்கம்ங்க.”

“குத்தம்பாக்கத்துல எங்க?”

சித்தப்பா மறைக்கவில்லை. “சேரிங்க. சின்ன வயசுல கங்காணியோட கப்பலேறிட்டேன். இப்ப அண்ணாத்தேகூட வந்துகீறேன்.”

“அண்ணாத்தேவா!”

சம்பந்தி தம் இலையை மடித்தார். சோறு இன்னும் வரவில்லை. வெறும் இலையைத்தான் மடித்தார். அவர் வரிசையில் இன்னும் ஏழு இலைகள் மடிந்தன.

“கர்த்தருக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான், நான் இல்லேங்கல. அது கோயில்ல. சம்பந்தம் பண்ற எடத்துல பாத்து நடந்துக்கணும், உபதேசியாரே.”

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அப்பா கதவைப் பார்த்தார். பிறகு, காய்ச்சலில் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, சம்பந்தி வண்டி மாடு வெயில்ல நிக்குது. கொஞ்சம் தண்ணி காட்டிட்டு வர்றியா?”

சித்தப்பா அவரை ஒருமுறை பார்த்தார். “அதுக்கின்னாங்கய்யா, காட்டிட்டாப் போச்சு. வாயில்லா ஜீவன், ஆவடிலேந்து இஸ்துகினு வந்துகீது,” என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அதுவரை அப்பாவை அவர் ‘ஐயா’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எட்டு இலைகளும் மறுபடி விரிந்தன. “வளைஞ்சு குடுக்கத் தெரிஞ்ச மனுஷன்யா! நாலு சீமை பாத்தவராச்சே!” என்றார் சம்பந்தி. பந்தி முழுவதும் சிரித்தது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் அப்பா காரியத்தை முடித்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. கறி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தபோது மாடுகள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, நிழலில் கட்டப்பட்டிருந்தன. சித்தப்பாவைக் காணோம். அவருடைய தகரப் பெட்டியும் இல்லை. அப்பாவைக் கேட்டேன். “அவனுக்கு வேலை வந்துடுச்சுடா,” என்றார்.

அக்காவின் கல்யாணம் ஆகஸ்டில் நடந்தது. சித்தப்பாவை நான் பிறகு பார்க்கவேயில்லை. யுத்தத்தில் மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனது. எந்தச் செய்தியும் வரவில்லை.

நிச்சயம் முடிந்த மூன்றாம் நாள் அப்பா பட்டணத்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை, அங்கிருந்தே கேட்டாள்.

“பாத்தியா?”

“பாத்தேன். ஏறிட்டான்.”

“டிக்கெட்டுக்கு?”

“அவனே வாங்கிகினான். நான் குடுத்தேன். வாணாம்னுட்டான்.”

அப்பா மடியை அவிழ்த்துப் பணத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அம்மா அன்று அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. ஏதோ காய்ச்சல் திரும்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பணத்தை இரண்டு முறை எண்ணினேன். மலாயாக் கப்பலில் மேல்தளக் கட்டணம் அவ்வளவு என்றார்கள். ஒரு தம்படி குறையாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறதே, நமக்குச் செலவே இல்லை என்று ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்: இருபத்தேழு ரூபாய்.