வெள்ளை நட்சத்திரத்தில் ஒரு கருமணி

2004 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை. வளைகுடா ஊரான ரூவியில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க, அலசிக் காயப்போட்ட கம்பளி நூலின் ஆட்டு வாடை. அப்பாவுக்கு "டியூட்டி" இல்லாத நாளாகையால் தாமதமாக எழுந்தார். அம்மா தோசைக்கு அரைத்து வைத்து, என் பள்ளிச் சீருடையைத் தேய்த்து மாட்டிவிட்டு, எதிர் ஃப்ளாட் ராசா ஆன்டிக்காகக் காத்திருந்தாள்.

ராசா ஆன்டி லிதுவேனியாக்காரி. பெயரைக் கேட்டு முதலில் ஆண்பிள்ளை என்று நினைத்த அப்பா, "உன் ராசா வந்தாச்சு" என்றுதான் அம்மாவை எப்போதும் கூப்பிடுவார். துபாயில் அவர்கள் ஊர்க்காரர்கள் கூடி ஆடும் நாளுக்காக, நாட்டு உடையோடு அணியும் மணிக்கட்டுப் பட்டைகளை அவள் பின்னிக்கொண்டிருந்தாள்: சிவப்புக் கம்பளியில் வெள்ளைப் பாசிமணி நட்சத்திரம். வேண்டிய மணி அத்தனையையும் முதலிலேயே நூலில் கோத்துவிட வேண்டும். பின்னப் பின்ன அவை வரிசையாக வந்து அமரும். வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து அவள் விரல்கள் வீங்கியிருந்ததால், கோக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அதற்கு முன் இரண்டு முறை ராசா ஆன்டிக்குப் பிள்ளை நிற்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்குப் பின் ராசா ஆன்டி, பாதி பின்னிய இரண்டாவது பட்டையோடும் ஒரு குறடோடும் வந்தாள். நட்சத்திரத்தின் நடுவே ஒரு கருமணி. மாறி வந்த மணியைக் குறடால் நொறுக்கினால் நூல் அறாது என்று சிரித்துக்கொண்டே காட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"உடைக்க வேணாம்னு சொல்லுடி. நீ கைக்குழந்தையில போட்டிருந்த வளையல்லேருந்து எடுத்து நான்தான் கோத்தேன். அவ புள்ள மேல கண்ணு படக்கூடாதுன்னு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ராசா ஆன்டியின் சிரிப்பு நின்றது. பிறக்கும்வரை பிள்ளைக்கென்று எதையும் எடுத்துவைப்பது தங்கள் வீட்டு வழக்கமில்லை என்றும், முதல் தடவை அதை மீறிச் சின்னக் காலுறை பின்னியது தான்தான் என்றும் என்னிடம் மெல்லச் சொன்னாள். பிறகு அம்மாவிடம், இருவருக்கும் பழகிய கலவைப் பாஷையில், "ஃபார் பேபி, மாஃபி. அபி மாஃபி, தீதி" என்றாள். பிள்ளைக்கென்று எதுவும் வேண்டாம், இப்போது வேண்டாம் அக்கா என்று அர்த்தம். பட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். நான் பிறக்கும்வரை எனக்கென்று ஒரு துணிகூட வாங்க விடாதவள் அவள்.

அப்பா, "எடுத்துப் போட்டுட்டு வெள்ளையைக் கோத்துக் குடு. இந்த வெயிலூர்ல கம்பளிக் காப்பு, அதுக்கு ஒரு சண்டை" என்றார்.

"கண்ணுக்கு வச்சத எடுத்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள் அம்மா. "வச்சு, அதனால ஒண்ணு ஆச்சுன்னா?" என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

அந்த வருடம் கோடை வெயில் ஏறும் முன்பே ராசா ஆன்டி பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். அவள் கணவருக்கும் வேலை மாறி, எதிர் ஃப்ளாட் காலியாயிற்று. பிறகு செய்தியே இல்லை. போன வருடம் நான் ரூவிக்குப் போனபோது எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும் என்று அம்மா சொல்வாள். பிறந்திருந்தால் என்று சேர்த்துச் சொன்னதே இல்லை.

அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி. அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. முதல் வேலையாக நட்சத்திரத்தின் நடுவரை பின்னலைப் பிரித்து, நூலை வெட்டி, கருமணியை உடையாமல் உருவினாள். அதைத் தன் தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கில் மாட்டிக்கொண்டாள். பிறகு அந்த இடத்தில் ஒரு வெள்ளை மணியைக் கோத்து, நூலை முடிந்தாள்.