மயில் நின்ற தேட்டர்

போன வாரம் உக்கடத்தில் பல்லடம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நல்ல உச்சி வெயில். பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தின் கதவில் தகரப் பலகை தொங்கியது: இடிந்து விழும் நிலையில் உள்ளது, அருகில் நிற்காதீர்கள். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் அத்தனை சனமும் நின்றது. நிழல் அங்கேதானே இருக்கிறது. நான் மட்டும் வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. வௌவால் புழுக்கையும் நனைந்த சுண்ணாம்பும் கலந்த புளித்த வாடை. உங்களுக்கு அது நாற்றம். எனக்குச் சோறு போட்ட வாசனை.

எங்கள் ஊர் பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கடைவீதி நடுவில் இருந்த தேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டு பார்க்கச் சேர்ந்தேன். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்ததும், தொண்ணூறுகளின் நடுவில் தேட்டரை மூடிவிட்டார்கள். ஸ்டாண்டு மட்டும் மூடவில்லை. பஸ் ஸ்டாப் வாசலிலேயே இருந்ததால், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் காலையில் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். படம் ஓடிய காலத்தைவிட மூடிய காலத்தில்தான் எனக்குக் கூட்டம்.

அந்தத் தேட்டரின் முகப்பு உச்சியில் சிமெண்டு மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். "மயில் தேட்டர் எறங்கு" என்றுதான் கண்டக்டர்கள் கத்துவார்கள். வெயில் சாய்ந்ததும் தோகையின் நிழல் பஸ் ஸ்டாப் முழுக்க விழும். தேட்டரை மூடியபின் வெள்ளையடிக்க ஆளில்லை. சுவரில் அரசங்கன்று முளைத்தது. மயிலின் கழுத்தில் சிமெண்டு உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தது. எனக்கு அன்று பிடித்தது கவலை.

நான் பிறவியிலேயே அப்படி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். மயில் யார் தலையிலாவது விழுந்துவிடுமே என்று ஒரு கவலை. விழக்கூடாது என்று தேட்டரையே இடித்துவிட்டால் ஸ்டாண்டு போய்விடுமே என்று இன்னொரு கவலை. என் சம்சாரம் சரசு ஒருநாள் சொன்னாள்: "ஏனுங்க, நின்னாலுங் கவலை, விழுந்தாலுங் கவலை. எதுக்குன்னு ஒண்ணு முடிவு பண்ணிச் சொல்லுங்க. நானுஞ் சேந்து கவலைப்படறேன்."

சும்மா இருக்க முடியாமல் நானே ஒரு அட்டையில் எழுதிக் கட்டினேன்: மேலே மயில், பார்த்து நிற்கவும். என் படிப்புக்கு அவ்வளவுதான் வந்தது. சனங்கள் சொன்னபடி செய்தார்கள். கீழேயே நின்று மேலே பார்த்தார்கள். காங்கேயம் பக்கத்துக்காரர் ஒருவர், "நல்லாச் செஞ்சிருக்கறாங்க" என்று ரசித்ததில் பஸ்ஸை விட்டுவிட்டார்.

தேட்டர் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. இடித்துவிட்டு வரிசையாகக் கடை கட்ட வேண்டும் என்பார் பெரியவர். பழுது பார்த்துக் கல்யாண மண்டபம் ஆக்க வேண்டும் என்பார் சின்னவர். கடைவீதிக்காரர்கள் கூடிப் போய்க் கேட்டால் இரண்டு பேரும், "கவுளி கேட்டுட்டுச் சொல்றோமுங்க" என்பார்கள். எங்கள் பக்கத்தில் கவுளி கேட்காமல் பல குடும்பங்களில் கிணறுகூட வெட்ட மாட்டார்கள். குலதெய்வக் கோயிலில் போய், கேட்க வேண்டியதை மனசில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பல்லி வலப்பக்கம் கத்தினால் சாமிக்குச் சம்மதம். இடப்பக்கம் என்றால் வேண்டாம். கத்தவே இல்லையா, இன்னொரு நாள் வர வேண்டும்.

பெரியவர் போய்க் கேட்டுவிட்டு நேராக ஸ்டாண்டுக்கு வந்தார். "வலப்பக்கம் சொல்லிப்போட்டுதப்பா. இனி இடிக்க வேண்டியதுதான்." எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் சின்னவர் வந்தார். "மண்டபத்துக்கு எனக்கும் வலப்பக்கந்தான் சொல்லுச்சு. அதுவும் ரெண்டு தடவை." பல்லியை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்றது. அதோடு அண்ணனும் தம்பியும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கட்டடம் வௌவாலுக்குப் போனது.

ஒரு ஐப்பசி மழையில் மயிலின் கொண்டை உடைந்து ஸ்டாண்டுக்குள் விழுந்தது. ஒரு சைக்கிள் சீட்டு நசுங்கிப் போனது. சற்று முன்னால்தான் பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தி அதை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறியிருந்தாள். சாயங்காலம் சீட்டைப் பார்த்தவள், "போச்சாதுங்கண்ணா, சீட்டுதானே, போனாப் போகுது, நான் அதுமேல இல்லீல்ல" என்று சிரித்தாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்கப் படுத்தால் எழுவதும் எழுந்தால் உட்காருவதுமாக இருந்தேன்.

சரசுதான் வழி சொன்னாள். "பெருசாக் கேட்டா அவியவியளுக்கு வேண்டிய பதிலு வருது. மயிலை மட்டும் எறக்கலாமான்னு ரெண்டு பேரையும் ஒண்ணா உக்காந்து கேக்கச் சொல்லுங்க."

இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். நசுங்கின சீட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அதைப் பார்த்தபின் இருவருமே மறுக்கவில்லை. கோயிலில் ஒருவர் அந்தக் கோடி, ஒருவர் இந்தக் கோடி, நடுவில் நான். குண்டு பல்பு பக்கத்தில் பெரிய பல்லி ஒன்று இருந்தது. வாயே திறக்கவில்லை. சொல்லிவிடு என்று வேண்டினேன். மயிலுக்குப் பின்னால் தேட்டரும் போய்விட்டால் நம் பிழைப்பு என்னாவது என்று நினைப்பு வந்ததும், அவசரமில்லை என்றும் வேண்டினேன். பூசாரி கொட்டாவி விட்டார். அப்போது வலப்பக்கச் சுவரிலிருந்து வந்தது, 'ச்சுக் ச்சுக்' என்று. பல்பு பல்லி இல்லை. வேறு ஏதோ.

"உனக்குக் கேட்டுச்சாண்ணா?" என்றார் சின்னவர்.

"கேட்டுச்சுடா."

வரும்போது இரண்டு பேரும் ஒரே காரில் வந்தார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சூலூர் தாண்டுவதற்குள் பெரியவர், "முன்னால கடை, பின்னால மண்டபம்னு வெச்சா என்னடா?" என்றார். இதை ஏன் இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. சின்னவர் என் தோளைத் தட்டி, "உனக்குப் பொறத்தாலயே எடம் உண்டப்பா" என்றார். அன்று ராத்திரி பூட்டை இழுத்துப் பார்க்காமல் தூங்கினேன்.

மயிலைச் செயின் போட்டு இறக்கிய அன்று ஊரே வந்து பார்த்தது. மத்தியானம் சரசு எனக்குச் சோறு கொண்டுவந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். "இனிப் பயமில்லாம நிக்கலாமுங்க. வெயில்லதான் நிக்கோணும்."

மண்டபம் வந்தது. கடைகள் வந்தன. பின்பக்கச் சந்தில் என் ஸ்டாண்டும் பல வருஷம் ஓடியது. பிறகு கம்பெனி வேன்கள் வீட்டு வாசலுக்கே வந்து ஆளை ஏற்றிக்கொள்ள, சைக்கிள்கள் குறைந்து ஒருநாள் ஸ்டாண்டே தேவைப்படாமல் போயிற்று. கண்டக்டர்கள் மட்டும் இன்னும் "மயில் தேட்டர்" என்கிறார்கள். மயிலும் இல்லை, தேட்டரும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் இறங்கித் தேடுகிறார்கள்.

உக்கடத்துக் கட்டடத்துக்கு எத்தனை அண்ணன் தம்பியோ. பஸ் வரும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் கல்யாணம் சாப்பிட்டுவிட்டு மண்டபத்து வாசலில் நிற்கும்போது இன்றைக்கும் கழுத்து தானாக மேலே போகிறது. அங்கே வானம்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிழல் தேடி எதிர்க்கடைப் பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.