துபாயில் பத்து மணி

சென்ற ஆண்டு உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த என் கணவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் துபாயில் இருந்தான். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, "பத்து மணிக்கு பிளைட்டும்மா. நாலு மணி நேரத்துல மெட்ராஸ் வந்துடுவேன்" என்று அழுதான்.

"ரெண்டு மணிக்கு எறங்குனா நாலரைக்கு மரக்காணம்" என்று என் கொழுந்தனார் கணக்குப் போட்டார். ஐந்தாகியும் மகன் வரவில்லை.

"பிளைட்ட வுட்டுட்டான் போல இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். தூக்குங்கப்பா" என்றார். நான்கு பேர் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள்.

ஆண்கள் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அப்போது ஒன்று உறைத்தது. இங்கே இருட்டிய பிறகு நான் போனில் பேசினால், "இங்க இன்னும் வெளிச்சமா இருக்குதும்மா" என்பான் மகன்.

"தூக்காதீங்க! அவன் சொன்னது அந்த ஊரு மணி" என்று கத்திவிட்டேன்.

"ஊருக்கு ஒரு மணியா?" என்று யாரோ முணுமுணுத்தார். ஆனாலும் குனிந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

விளக்கு வைத்த பிறகு மகன் ஓடிவந்து அப்பாவின் முகத்தைத் தொட்டான்.

இப்போது அவன் புறப்படும்போது, விமானம் எத்தனை மணி நேரம் என்று நான் கேட்பதில்லை. "நம்மூரு மணிக்கு, நம்ம வாசலுக்கு எப்பப்பா வருவ?" என்றுதான் கேட்கிறேன்.