எழுபத்திரண்டும் நாற்பத்தைந்தும்

சிறுசேரி ஆபீசில் என் வேகம் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு வார்த்தை. வாடிக்கையாளர் புகாருக்குக் கம்ப்யூட்டரில் பதில் அடிக்கிற வேலை. குழுவில் நான்தான் முதல் என்று ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மூடி சரியாக மூடாது.

வேகமெல்லாம் விரலோடு சரி. சாயங்காலம் நெரிசலில் ஆபீஸ் கேப் கேளம்பாக்கத்தைத் தாண்டாது. சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு வந்து சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். அவள் விழித்திருந்து நான் பார்ப்பது காலையில் இருபது நிமிஷம், அதுவும் ஜடை பின்னும்போது, பின்மண்டையை.

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தட்டச்சர் இடம் காலி என்றார்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். "டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு வாம்மா, ஒரு வருஷம் பொறுக்கறேன்" என்றார் தாளாளர். லோயர் பத்து வருஷத்துக்கு முன்பே முடித்திருந்தேன். ஹையருக்கு நாற்பத்தைந்து வார்த்தை போதும். சிரிப்புதான் வந்தது. நாலே நாலு ஞாயிறு பயிற்சிக்குப் போனேன்.

டைப்ரைட்டரில் வரி முடியப்போனால் மணி அடிக்கும், இடது கையால் லீவரைத் தள்ளி அடுத்த வரிக்குப் போகணும். பரீட்சை ஹாலில் நாற்பது மெஷின், நாற்பது மணி. எது என் மணி என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? கம்ப்யூட்டரில் வரி தானாக இறங்கும், கை அதற்கே பழகிவிட்டது. கண் கேள்வித்தாளில். வரி முடிந்து மெஷின் பூட்டிக்கொண்ட பிறகும் மூன்று நாலு வார்த்தை வெறுமனே தட்டியிருப்பேன். உறைத்ததும் தள்ளிவிட்டு, விட்டதைத் திரும்ப அடிக்காமல் மேலே போனேன். நின்றால் வேகம் போய்விடுமே! பத்து நிமிஷப் பரீட்சையை ஆறு நிமிஷத்தில் முடித்து, இன்னும் அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

ஃபெயில்.

"இன்னா, ஆபீஸ்ல ஃபர்ஸ்டுன்னு பீத்திகினு இருந்தே?" என்றார் வீட்டுக்காரர்.

"வாய மூடிகினு துன்னுய்யா" என்றேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

அதிலிருந்து ஆறு மாசம், தினம் காலை ஆறு மணிக்குப் பயிற்சி, அங்கிருந்தே கேப். ஜடையும் வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. கோணல்மாணலாகப் பின்னுவார். இடது கைக்குப் புத்தி வந்தது, கொஞ்சம் அதிகமாகவே. ஆபீசிலும் வரி முடிகிற இடத்தில் தானாக வீசும். பாட்டில் இரண்டு தடவை கவிழ்ந்து பக்கத்து சீட்காரியின் கீபோர்டு போச்சு. என் வேகம் ஐம்பதுக்கு இறங்கியது. எச்சரிக்கை மெயில் வந்தது. அதைப் படிக்கக்கூட எனக்கு நேரமில்லை.

இரண்டாம் தடவை பாஸ். வேகம் நாற்பத்தைந்து, ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. தாளாளர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

பள்ளிக்கூட வேலையின் முதல் நாள் ஐந்தரைக்கே வீட்டு வாசலில் நின்றேன். வெயில் இன்னும் இருந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். என்னைக் குனியச் சொல்லி, என் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சலாம்மா?"